இருநூறு திர்ஹம்

பொருளின் மீது ஒரு விலை. கல்லாவில் வேறொரு விலை. கேட்டால், "கணக்கில் தவறிவிட்டது" என்கின்றனர். அத்தவறு வாங்குபவருக்கு இலாபமாக அமைவதென்னவோ அரிது!

ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் பஸராவில் துணி வணிகம் செய்த யூனுஸ் பின் உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கின்றார்கள். யூனுஸ் அவர்கள் தொழச் சென்றிருந்த வேளையில், 200 திர்ஹம் பெறுமான அங்கியை அவர்களின் சகோதரர் மகன் நாட்டுப்புற அரபி ஒருவருக்கு 400-க்கு விற்றுவிட்டார். வழியில் அங்கியை அடையாளங்கண்ட யூனுஸ் அவர்கள் விலையை வினவினார்கள். எங்கள் ஊரில் இது 500 பெறும், மனமொப்பியே வாங்கினேன் என்றார் அவர். யூனுஸ் அவர்கள் விடவில்லை. கடைக்கு அழைத்துச் சென்று 200 திர்ஹமைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

விரும்பித்தானே வாங்கினார் என்ற இளைஞரிடம், உனக்கு விரும்புவதை அவருக்கு ஏன் விரும்பவில்லை என்று கேட்டார்கள்.