களம் கண்டவர்கள் – 6: இடம் பெயராத சென்டர்

சென்ற வாரம் வால்ட்டர் கேம்ப்பைப் பார்த்தோம். இரு அணிகளும் ஒரு கோட்டுக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்கும் முறையை அமெரிக்கக் கால்பந்துக்குத் தந்தவர் அவர். அந்தக் கோட்டின் நட்டநடுவில் நின்ற ஒருவரைப் பற்றியது இந்த வாரம்.

வில்லியம் ஹென்றி லூயிஸ் 1868-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் படித்தபோது 1891-ல் அணியின் கேப்டனானார். பிறகு சட்டம் படிக்க ஹார்வர்டுக்கு வந்தார். அங்கே அவர் ஆடிய இடம் சென்டர்.

குனிந்து பந்தைப் பின்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த கணமே எதிரணியின் பாய்ச்சலை மார்பில் வாங்க வேண்டும். அன்று ஹெல்மெட் இல்லை, தலைக்குக் காப்பாக முடி வளர்த்துக்கொண்டார்கள். பந்தை முன்னால் வீச அன்றைய விதி இடம் தராததால் மோதலெல்லாம் நடுவில்தான். லூயிஸின் எடை ஏறக்குறைய 80 கிலோ. அந்த இடத்துக்கு அது குறைவு. வேகத்தையும் நுட்பத்தையும் கொண்டு அதை ஈடுகட்டினார். 1892, 1893 இரண்டு ஆண்டுகளும், தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல் அமெரிக்கன் அணியில் அவர் பெயர் வந்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1893-ல் பென்சில்வேனியாவுக்கு எதிராகக் கேப்டன் ஆட முடியாதபோது லூயிஸ் தலைமையேற்றார், ஹார்வர்டு வென்றது.

ஆனால், ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சலூனில் அவருக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் வரை விஷயத்தைக் கொண்டுபோனார். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்குள் சலூன்களும் வந்தன.

1895 முதல் 1906 வரை ஹார்வர்டில் பயிற்சியாளராக இருந்தார். 1896-ல் ஆட்ட நுணுக்கங்களைப் புத்தகமாக எழுதினார். 1898-ல் ஹார்வர்டு 11 ஆட்டங்களிலும் வென்றது. வழக்கறிஞர் தொழிலும் கூடவே வளர்ந்தது. அதிபர் டாஃப்ட் அவரை நாட்டின் உதவி அட்டர்னி ஜெனரல்களில் ஒருவராக்கினார். 1911-ல் செனட் ஒப்புதல் தந்தது.

அதே ஆண்டு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் 1912-ல் நிர்வாகக் குழு அவரை நீக்கப் பார்த்தது. தாமாக விலக லூயிஸ் மறுத்தார். அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாமே அவர் பக்கம் நின்று உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். லூயிஸின் இடம் நிலைத்தது. ஆனால், இனிமேல் விண்ணப்பிப்பவர்கள் தங்கள் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று சங்கம் விதி வகுத்தது.

பின்னால் வருபவன் முன்னேறட்டும் என்றுதான் சென்டர் அடி வாங்குகிறான். லூயிஸ் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. பின்னால் வந்தவர்களுக்கோ வழி அடைக்கப்பட்டது. அவர் வாழ்க்கையில் என்னை உறங்கவிடாத இடம் இதுதான்.

(அடுத்த வாரம்: 1916-ல் ரோஸ் போல் களத்தில் ஓடிய ஃபிரிட்ஸ் பொல்லார்டு)