வாழையில் முடிக்கொத்து நோய்: மருந்தில்லை, ஆனால் வழியுண்டு

பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சுவை சேர்ப்பது விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடப்பட்டு வந்த இந்த வாழை பெருமளவில் அழிந்து போனதற்கு முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய். சமவெளி வாழையையும் இந்நோய் விடுவதில்லை. இதை உண்டாக்குவது வைரஸ் எனப்படும் நச்சுயிரி ஆகும்.

நச்சுயிரி என்றால் என்ன?

பூசணத்தையும் பாக்டீரியாவையும் போல நச்சுயிரி தானே உணவெடுத்து வளர்வதில்லை. கொஞ்சம் மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, இவ்வளவுதான் அதன் உடல். முடிக்கொத்து நச்சுயிரித் துகள்கள் சுமார் 50,000-ஐ வரிசையாக அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் நீளம் வரும். வாழையின் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த உயிரணுவைக் கொண்டே அது பெருகுகிறது. எனவே பயிரைக் கெடுக்காமல் நச்சுயிரியை மட்டும் அழிக்கக்கூடிய தெளிப்பு மருந்து எதுவும் இல்லை.

அறிகுறிகள்

இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். புதிய இலைகள் குட்டையாகி, குறுகி, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இளங்கன்றில் தாக்கினால் குலை தள்ளாது. சத்துக் குறைவு என்று எண்ணி உரமிட்டுக் காத்திருந்தால், அதற்குள் நோய் பக்கத்து மரங்களுக்கும் பரவிவிடும்.

பரவும் விதம்

நோயுற்ற தாய்மரத்தின் கன்று ஒரு வழி. வாழை அசுவினி மற்றொரு வழி. வெட்டும் கத்தியாலோ மண்ணாலோ இந்நோய் பரவாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் 1920-களில் வாழைத் தோட்டங்கள் இந்நோயால் பாழாயின. அசுவினியே நோயைப் பரப்புகிறது என்பதை மேகீ என்ற அறிஞர் நிறுவி, 1927-ல் வெளியிட்டார். நோயுற்ற மரங்களை அழிப்பதும் நல்ல கன்றுகளையே நடுவதும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டன. வாழைத் தொழில் மீண்டது. மருந்து ஏதும் இன்றியே இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

செய்ய வேண்டியவை

1. நோயுற்ற மரத்தைக் கண்டதும் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அதிலுள்ள அசுவினிகள் பக்கத்து மரங்களுக்கு ஏறிவிடும். முதலில் வேளாண்மை அலுவலர் பரிந்துரைக்கும் பூச்சிமருந்தைக் குருத்திலும் இலை உறைகளிலும் படும்படி தெளித்து, அசுவினியை அழிக்க வேண்டும்.

2. பின்னர் கிழங்கோடும் பக்கக் கன்றுகளோடும் முழுத்தூரையும் தோண்டி எடுத்து, துண்டுகளாக்கி அழிக்க வேண்டும்.

3. நோயுற்ற தூரிலிருந்து, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஒரு கன்றுகூட எடுக்கலாகாது.

4. திசு வளர்ப்புக் கன்று என்பதாலேயே நோயற்றது என்று நம்பிவிடக் கூடாது. நச்சுயிரி இல்லை எனச் சோதித்துச் சான்றளித்த கன்றுகளையே வாங்க வேண்டும்.

ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த ஒரு மரம் ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே சமயத்தில் இம்முறைகளைக் கையாண்டால் வாழையைக் காப்பாற்றலாம்.