காதலும் மாயமும் காதில் விழும்போது

மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன் காதல் கதைகளைப் பற்றியும் மாயாஜாலக் கதைகளைப் பற்றியும் எழுதப் புகுந்தால், "ஹஜ்ரத்துக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கவே செய்வர். அவர்களிடம் நான் பணிவுடன் கேட்க விரும்புவது ஒன்றுதான்: நம் பாட்டன் பாட்டிமார் கேட்டு வளர்ந்தவை வேறென்ன? சைத்தூன் கிஸ்ஸாவில் வாளேந்திப் போரிடும் அரசிளங்குமரி வரவில்லையா? அப்போர் திருமணத்தில் முடியவில்லையா? யூசுப் நபி கிஸ்ஸாவைக் கேட்டுக் கண் கலங்காத வீடு நம் ஊர்களில் இருந்ததா? மஃரிபுக்குப் பின் முற்றத்தில் விளக்கை வைத்து, எழுத்தறிந்த ஒருவர் இராகமிட்டு வாசிக்க, வீட்டாரும் அண்டை வீட்டாரும் சூழ்ந்திருந்து கேட்டனர். புத்தகம் ஒன்று, கண்கள் இரண்டு, செவிகளோ நாற்பது, ஐம்பது.

அந்தப் பழக்கம்தான் இன்று 'ஒலிப்புத்தகம்' என்ற புதுப் பெயரோடு கைப்பேசிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. ஒருவர் நூல் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்கிறார், நாம் கேட்கிறோம். பேருந்துப் பயணத்திலும் வீட்டு வேலைக்கு நடுவிலும் கேட்கலாம். சில ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவ்வாறு கேட்டு வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குள் சில கருத்துகள் உறுதிப்பட்டிருக்கின்றன. அவை ஆய்வாளனின் முடிவுகள் அல்ல. கேட்பவன் ஒருவனின் விருப்பு வெறுப்புகள்.

இந்த ஒலிப்புத்தகம் யாருக்காகத் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பார்வையற்றோருக்காகவே தோன்றியது. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களின் துயரம் இதற்கொரு காரணமாயிற்று. அமெரிக்காவில் 1934-லும் பிரிட்டனில் 1935-லும் 'பேசும் புத்தகம்' என்ற பெயரில் இசைத்தட்டுகளில் நூல்கள் பதிவாகி, பார்வையற்றோரின் இல்லங்களுக்குச் சென்றன. பிரிட்டனில் முதலில் பதிவானவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் இருந்தது. கண்ணிழந்தோருக்கு அறிவுரை நூல்தான் வேண்டும் என்று எண்ணாமல் கதையை அனுப்பினார்களே, அவர்களுக்கு என் பாராட்டு.

எகிப்தின் பேரறிஞர் தாஹா ஹுசைன் (1889-1973) இளமையிலேயே பார்வையை இழந்தவர். 'அல் அய்யாம்' என்னும் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே அவர் நினைவுகூர்வது, வீட்டு வேலியோரம் நின்று, ஊர்ப் பாணர் அபூ ஸைதின் வீரக்கதையைப் பாடக் கேட்டதைத்தான். கதை சுவைபடும் நேரம் பார்த்துச் சகோதரி வந்து அவரை உள்ளே தூக்கிச் சென்றுவிடுவாராம். பிற்காலத்தில் அரபு உரைநடையின் திசையையே மாற்றிய ஒருவருக்கு முதற்பாடம் செவிவழி வந்த கதை!

இனி, சொல்லும் குரலுக்கு வருவோம்.

மாயாஜாலக் கதையை வாசிப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி, தான் சொல்வதைத் தானே நம்புவது. பறக்கும் கம்பளமா, பேசும் மரமா, எதுவாயினும் சரி. அடுத்த தெருவில் நடந்ததைச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். சிலர், 'இது சிறுபிள்ளைக் கதைதானே' என்ற இளக்காரத்தைக் குரலில் ஒளித்து வைத்துக்கொண்டு வாசிக்கின்றனர். கேட்பவனின் செவி அதை நொடியில் கண்டுகொள்ளும். வேறு சிலரோ ஜின் வந்துவிட்டால் தொண்டையைக் கரகரப்பாக்கி, நம்மை அச்சுறுத்தப் படாத பாடு படுகின்றனர். அச்சம் கதையிலிருந்து வரவேண்டும். தொண்டையிலிருந்து வருவது இருமல் மட்டுமே.

டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நெடுங்கதையை ராப் இங்கிலிஸ் என்பவர் 1990-இல் தனியொருவராக வாசித்துப் பதிவு செய்தார். நூலில் வரும் பாடல்களையும் அவரே பாடியிருக்கிறார். பின்னர் 2021-இல் நடிகர் ஆண்டி செர்கிஸ் அதே நூலை வாசித்தார். செர்கிஸின் வாசிப்பில் நடிப்பு மிகுதி. ஒவ்வொரு பாத்திரமும் எழுந்து நடமாடும். ஆயினும் என் வாக்கு இங்கிலிஸுக்கே. கிராமத்துப் பெரியவர் ஒருவர் கால் நீட்டி அமர்ந்து, அவசரமின்றிச் சொல்வது போன்ற குரல் அது. என் மூத்த மகனுக்கோ செர்கிஸ்தான் பிடிக்கிறது. இது பற்றி எங்கள் வீட்டில் உடன்பாடு ஏற்படவில்லை.

இந்தக் கலைக்கு நம் நாட்டிலேயே ஒரு பேரரசு இருந்தது. அமீர் ஹம்ஸாவின் பெயரால் வழங்கிய கற்பனைக் கதைத்தொகுதி, சூனியக்காரர்களும் மாயக்கோட்டைகளும் நிறைந்த பெருங்கடல். அக்பர் பாதுஷா அதற்கு ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள் தீட்டச் செய்தார். பிற்காலத்தில் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இக்கதையை உருதுவில் 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. இதை வாய்மொழியாகச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் 'தாஸ்தான்கோ' எனப்பட்டனர். டில்லியின் மீர் பாகர் அலி அவ்வரிசையில் கடைசிப் பெருங்கலைஞர். காலம் மாறியது, புதுக் கேளிக்கைகள் வந்தன, கேட்போர் கலைந்தனர். முதுமையில் அவர் பாக்கு விற்றுப் பிழைக்க நேர்ந்தது. 1928-இல் அவர் மறைந்தபோது அக்கலையும் உடன் மறைந்தது என்றே கருதப்பட்டது. உருது அறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கியின் ஆய்வுகளைத் துணையாகக் கொண்டு, 2005-இல் டில்லியில் அது மேடைக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட எழுபத்தேழு ஆண்டுகளில் எத்தனை குரல்கள் சொல்லப்படாமலே மண்ணுக்குள் போயின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இதை ஒரு காரணத்துடன்தான் குறிப்பிடுகிறேன், பின்னர் வருகிறேன்.

ஒருவரே வாசிப்பது நன்றா, பலர் சேர்ந்து நாடகம் போல் வாசிப்பது நன்றா என்பது கேட்போரிடையே ஓயாத வழக்கு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தமிழில் இருவகையாகவும் கேட்கக் கிடைக்கிறது. பம்பாய் கண்ணன் பல கலைஞர்களைக் கொண்டு அதை ஒலிவடிவில் தந்திருக்கிறார். பலர் பேசும்போது யார் பேசுவது என்ற குழப்பம் இல்லை. முதன்முறை கேட்போருக்கு அது பெரும் உதவி. எனினும் பொதுவாகச் சொல்கிறேன்: குதிரைக் குளம்பொலியும் பின்னணி இசையும் சேரச் சேர, கேட்பவனின் மனத்துக்கு வேலை குறைந்துகொண்டே போகிறது. குந்தவையின் குரலை நானே கற்பனை செய்துகொள்ளும் உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' என்ற பதினான்கு பாக மாயாஜாலத் தொடரில் ஒரு நடுவழி கண்டிருக்கின்றனர். மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற கணவனும் மனைவியும் அதை வாசித்துள்ளனர். ஆண் பாத்திரத்தின் பார்வையில் செல்லும் பகுதிகளைக் கணவரும், பெண் பாத்திரத்தின் பார்வையில் செல்லும் பகுதிகளை மனைவியும் பகிர்ந்துகொள்கின்றனர். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆண் ஒருவர் பெண்ணுக்காகக் குரலை மெலித்துக் கீச்சிடும் துன்பம் பெரும்பாலும் இல்லை.

பெண் குரல் என்றதும் காதல் கதை நினைவுக்கு வருகிறது. என் கருத்தில், வாசிப்பவருக்கு மாயக்கதையைவிடக் காதல் கதையே கடினமான சோதனை.

ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இல் வெளிவந்தது. அச்சாகி வந்த சூட்டோடு அவருடைய தாயார் வீட்டில் அதை உரக்க வாசித்தார். அடுத்த சில நாட்களில் ஆஸ்டின் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார்: அம்மா மிக வேகமாக ஓடுகிறார், பாத்திரங்களை அவர் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார், ஆனால் அவர்கள் பேச வேண்டிய விதத்தில் பேச அவரால் இயலவில்லை என்று. இரண்டு நூற்றாண்டு கடந்தும் காதல் கதை வாசிப்பைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கண்டதில்லை. புரிந்துகொள்வது வேறு, வாய்விட்டுச் சொல்வது வேறு. இன்று இந்த வேகத்தை நாமே கேட்டு வாங்குகிறோம். செயலியில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. துப்பறியும் கதைக்கு அது பொருந்தலாம். 'உங்கள் முடிவு என்ன?' என்று கேட்டுவிட்டு ஒரு பெண் காத்திருக்கும் அந்த மூன்று விநாடி மௌனத்தை இரட்டை வேகத்தில் ஓட்டினால் மிஞ்சுவது என்ன?

அதே நாவலை நடிகை ரோசமண்ட் பைக் 2015-இல் வாசித்திருக்கிறார். 2005-இல் வந்த திரைப்படத்தில் மூத்த சகோதரி ஜேனாக நடித்தவர் அவர். மனம் கலங்கும் இடங்களில் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகிறார். பெருமூச்சு இல்லை, விம்மல் இல்லை. இதற்கு மாறாக, தமிழில் நான் கேட்ட காதல் கதைகள் சிலவற்றில் கதாநாயகன் வாய் திறந்ததும் குரல் குழைந்து தேனும் பாகுமாக வழிகிறது. வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்க முடியாதபடி ஆக்கிவிடுவது பல சமயம் எழுதியவரின் சொல் அன்று, வாசித்தவரின் குழைவுதான். குர்ஆனில் அழகிய வரலாறு எனக் குறிப்பிடப்படும் யூசுப் நபியின் வரலாற்றில், அஸீஸின் மனைவியின் வேட்கை மறைக்கப்படவில்லை. கதவுகள் அடைக்கப்பட்டதும், சட்டை பின்புறம் கிழிந்ததும் சொல்லப்படுகின்றன. ஆயினும் ஒரு சொல் மிகையில்லை. அதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எங்களுக்குக் கூச்சமில்லை. அடக்கமாகச் சொல்வதால் உணர்ச்சி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

உச்சரிப்பைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அரபுக் கதைகளை வாசிப்பவர்கள் 'கல்ப்' என்ற சொல்லைக் கண்டால் தயவு செய்து நின்று நிதானிக்க வேண்டும். நாவின் அடிப்பகுதியிலிருந்து எழும் 'காஃப்' எழுத்தோடு சொன்னால் அது இதயம். ஒலி பிறக்கும் இடத்தைச் சற்றே முன்தள்ளிச் சொல்லிவிட்டால் அது நாய். "என் இதயமே" என்று காதலி உருகும் கட்டத்தில் ஒரு வாசிப்பாளர் செய்த பிழையால், எங்கள் மாணவர்கள் சிரித்து உருண்டனர்.

இப்போது மீர் பாகர் அலியின் பாக்குக் கூடைக்குத் திரும்புகிறேன். 2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம், மனிதர் எவரும் வாசிக்காமல் கணினிக் குரலே வாசிக்கும் ஒலிப்புத்தகங்களை அறிமுகம் செய்தது. குரல்களுக்கு மேடிசன், ஜாக்சன் என்றெல்லாம் மனிதப் பெயர்கள். அன்று வெளியிட்ட விதிகளில் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. காதல் நாவல்களை இக்குரல்கள் வாசிக்கும். மாயாஜாலக் கதைகளுக்கும் அறிவியல் புனைகதைகளுக்கும் அப்போதைக்கு இடமில்லை. இட்டுக்கட்டிய பெயர்களும் ஊர்களும் இயந்திரத்தின் நாவில் சிக்கும் என்று எண்ணினார்கள் போலும். காதலோ எல்லாருக்கும் தெரிந்த சொற்களால் ஆனது. எனவே எளிது என்பது கணக்கு.

கணக்குத் தலைகீழாக இருக்கிறது. மாயக்கதையில் ஒரு பெயரைத் தவறாகச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம். "சரி, போய் வாருங்கள்" என்ற மூன்று எளிய சொற்களை, போக வேண்டாம் என்ற பொருள்படச் சொல்வதற்கு எந்த அகராதி உதவும்? அதைச் சொல்ல, யாரையேனும் ஒருமுறை வாசல்வரை சென்று வழியனுப்பியிருக்க வேண்டும். வளைகுடாவுக்குக் கணவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவர் அந்த வரியை வாசித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரக் குரல் மலிவு என்பதை மறுக்கவில்லை. பதிவாளர்க்குக் கூலி கொடுக்க இயலாத சிறு எழுத்தாளருக்கும், வேறு வழியில்லாத பார்வையற்ற மாணவருக்கும் அது உதவுகிறது. பாடநூலுக்கு அது போதும். ஆனால் காதல் கதையை முதலில் அதனிடம் ஒப்படைத்தால், அந்தக் கதைகளை வாசித்துப் பிழைக்கும் குரல்கள் முதலில் ஓயும். குரல் கலைஞரில் பலர் பெரும் பெயர் பெற்றவர் அல்லர். வீட்டின் ஒரு மூலையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்வோரும் உண்டு.

நம் வீடுகளில் வயதான பெரியம்மாமார், நன்னிமார் சிலருக்கு இன்னமும் கிஸ்ஸாக்களின் இராகம் நினைவிலிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் கையில் பதிவு செய்யும் கருவி எந்நேரமும் இருக்கிறது. விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது போதும். கதை முழுவதும் வேண்டாம், நினைவில் உள்ளவரை போதும்.

என் தாயாருக்குக் கண்புரை அறுவைக்குப் பின்னும் சிற்றெழுத்து தெரிவதில்லை. இஷாவுக்குப் பின் கைப்பேசியைத் தலையணையருகே வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி கதையை ஓடவிடுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். காதில் தனித்தனியே கருவியை மாட்டிக்கொள்ள அவர் ஒப்புவதில்லை. வாசிப்பவர் சற்று விரைந்தால் பொறுக்கவும் மாட்டார். "வாப்பா, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லு, தொண்டைக்குத் தண்ணி கொடு" என்பார், வாசிப்பவர் அடுத்த அறையில் இருப்பது போல.