பழைய கார்களில் கியர் ஃபோர்க் பின் தளர்தல்

கியர் ஃபோர்க் பின் தளர்தல் என்பது, கியரை மாற்றித் தரும் ஃபோர்க் என்ற கவை, அதைத் தாங்கும் தண்டில் பிடிமானம் இழக்கும் பழுதாகும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் பல்லாண்டுகள் ஓடிய பழைய அம்பாசிடர், சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களின் நான்கு வேக கியர்பாக்ஸ்களில் இப்பழுது ஏற்படலாம். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றுவிட்டதால், இத்தகைய கார்களில் புதிய பாகம் தேடுவதைவிட உள்ளதைச் சீராக்குவதே பெரும்பாலும் நடைமுறை.

அமைப்பு

ஓட்டுநர் கியர் லீவரை அசைக்கும்போது கியர்பாக்ஸினுள் ஒரு தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது. தண்டில் பொருத்தப்பட்ட ஃபோர்க், சுழலும் ஸ்லீவின் பள்ளத்தில் அமர்ந்து அதைத் தள்ளுகிறது. ஃபோர்க்கையும் தண்டையும் இணைப்பது ஒரு பின் அல்லது கூம்பு முனையுள்ள ஸ்குரூ. ஸ்குரூ கழன்றுவிடாமல் இருக்க லாக் நட்டு அல்லது முறுக்குக் கம்பி போடப்படும்.

ஆபத்து

ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழாமல் தடுக்க, தண்டுகளுக்கிடையே இன்டர்லாக் என்ற தடுப்பு உண்டு. ஆனால் அது தண்டுகளை மட்டுமே தடுக்கும். ஃபோர்க் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. பின் தளர்ந்தால், தண்டு நியூட்ரலுக்குத் திரும்பினாலும் ஃபோர்க்கும் ஸ்லீவும் பழைய கியரிலேயே நின்றுவிடலாம். அந்நிலையில் வேறொரு தண்டின் கியரைப் போட்டால் கியர்பாக்ஸ் இறுகி, ஓடும் காரின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். கழன்று விழுந்த பின் பற்களுக்கிடையே சிக்கினாலும் பற்கள் உடையும்.

அறிகுறிகள்

ஒரு ஃபோர்க் பொதுவாக இரண்டு கியர்களை இயக்குவதால், 1–2 அல்லது 3–4 என ஒரு ஜோடியில் மட்டும் கோளாறு தெரியும். லீவர் வழக்கத்தைவிட அதிக தூரம் நகரும். கியர் பாதியில் நிற்கும் அல்லது தானே கழலும். லீவர் நியூட்ரலில் இருந்தும் கிளட்சை விடும்போது கார் நகர்ந்தால், உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். காரை இழுத்துச் செல்வதானால் பின்சக்கரங்களைத் தூக்கியோ புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியோ இழுக்க வேண்டும்.

எல்லா கியர்களிலும் ஆட்டம் இருந்தால், முதலில் வெளிப்புற லீவர் இணைப்புகளையும் புஷ்களையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் கம்பத்தில் கியர் உள்ள அம்பாசிடரில் இது முக்கியம்.

சரிசெய்தல்

ஆயிலை வடித்து, அதில் உலோகத் துகள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தபின், தண்டை அசையாமல் பிடித்து ஃபோர்க்கை ஆட்டினால் தளர்வு தெரியும். தண்டை உருவும்போது ஸ்பிரிங்கும் குண்டுகளும் தெறிக்கும். அவை இருந்த வரிசையைக் குறித்துக்கொள்வது நல்லது.

துளை வட்டமாகவே இருந்தால், புது ஸ்குரூ அல்லது பின் போட்டு இறுக்கினால் போதும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வெறும் இறுக்கம் நிலைக்காது. சில காலத்தில் மீண்டும் தளரும். அப்போது ஃபோர்க்கையும் தண்டையும் சரியான இடத்தில் சேர்த்துவைத்து, இரண்டையும் ஒன்றாக ரீமர் செய்து, அடுத்த அளவுப் பின்னை லேத்தில் கடைந்து பொருத்த வேண்டும். தனித்தனியே துளையிட்டால் ஃபோர்க்கின் இடம் மாறி, ஒரு கியர் முழுமையாக விழாது. முறுக்குக் கம்பியை, ஸ்குரூவை இறுகும் திசையில் இழுக்கும்படி கட்ட வேண்டும்.

ஃபோர்க்கின் நுனிகள் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுவது அவசியம். மூடியைப் பூட்டும் முன், ஷாஃப்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு கியராகப் போட்டு, ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்குத் திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும்.

ஓட்டும்போது கியர் லீவரின்மேல் கையை வைத்திருக்கும் பழக்கம் ஃபோர்க்கை ஸ்லீவோடு உரசவைக்கும். அதைத் தவிர்த்தால் இவ்வுறுப்புகளின் ஆயுள் கூடும்.