நாற்கூற்று மருத்துவமும் நம் மாவட்டத்துச் சிட்லிங்கியும்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன். பரிமேலழகர் ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு இயல்புகள் வகுக்கிறார். நோயுற்றவனுக்குரியவற்றுள் ஒன்று பொருளுடைமை. மருந்துக்குரியவற்றுள் ஒன்று எளிதில் எய்தப்படுதல். இப்பகுதியை வகுப்பில் நடத்துந்தோறும் மாணவர் ஒருவரேனும் வினவுவதுண்டு: “பொருளில்லாதவன் நோயுற்றால் என்செய்வது, ஐயா?”

விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். மருத்துவமனை வேண்டின் ஏறத்தாழ 50 கி.மீ. கடந்து அரூர் செல்லவேண்டியிருந்த காலம் அது. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. மயக்கவியல் வல்லுநர் ரெஜி ஜார்ஜ், மகப்பேறு மருத்துவர் லலிதா ஆகிய இணையர் 1993இல் அங்கே ஒரு கூரைக் குடிசையில் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ மருத்துவமனையைத் தொடங்கினர். 100 வாட் விளக்கொளியில் அறுவை நிகழ்ந்தது.

அவர்கள் செலவைச் சுருக்கிய இடம் நான்காம் கூறாகும். வெளியூரிலிருந்து செவிலியரை வருவிக்காமல், அவ்வூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். கருவுற்றவளின் இல்லம் தேடிச் சென்று, அவள் மொழியிலேயே உரையாடி, இடர்க்குறியை முன்னரே உணர்ந்து அனுப்புவோர் அவர்களே. நோய் முற்றியபின் செய்யும் பெருஞ்செலவு இதனால் குறைகிறது, உயிரும் பிழைக்கிறது. குழந்தை இறப்பு பன்மடங்கு குறைந்தது. மலிவெனில் தரக்குறைவு என்று எண்ணிப் பழகிய நமக்கு (எண்ணெய் வாங்குமிடத்தும் அவ்வாறே எண்ணுகிறோம்) இது வியப்பே.

மூன்றாம் கூறாகிய மருந்தைத் தமிழக அரசு கையாண்ட முறையும் அறியத்தக்கது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால், ஒப்பந்தப்புள்ளி வழி மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. மாதிரிகளைத் தயாரிப்பாளர் பெயர் மறைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பித் தேறியவற்றையே வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதைக் கிடங்கிலிருந்து பெறலாம். விலைக்குறைப்பும் தரச்சோதனையும் இங்கு ஒரே ஏற்பாட்டின் இரு கைகள்.

எனினும் சிட்லிங்கியை முழு விடையெனக் கொள்ளற்க. அங்கு நோயாளர் தரும் கட்டணத்தோடு நன்கொடையும் சேர்ந்தே செலவை ஈடுசெய்கிறது. மருத்துவர் இருவர் மலையடிவாரத்திலேயே குடியிருந்து முதுமையெய்துகின்றனர்; அவ்விலையை எந்தக் கணக்கேட்டிலும் எழுதவியலாது.