வாகன பேட்டரி: எந்த வேலைக்கு எது?

வாகனத்தில் பேட்டரிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, எஞ்சினைக் கிளப்புவது. அதற்குச் சில விநாடிகள் மட்டும் பெரும் மின்னோட்டம் வேண்டும். மற்றொன்று, வண்டியையே ஓட்டுவது. அதற்கு மணிக்கணக்கில் மின்சாரம் வேண்டும். பேட்டரிகள் வகைவகையாகப் பிரிவது இந்த வேறுபாட்டால்தான்.

லாரி, டிராக்டர், கார்களில் பெரும்பாலும் இருப்பது ஈய அமில பேட்டரி. பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கியது. ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கும். ஒரு செல் சுமார் 2 வோல்ட். ஆறு செல் சேர்ந்தால் 12. வெயில் காலத்தில் நீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் ஆயுள் போயிற்று. டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பு கரிக்கும் கிணற்று நீர் தகடுகளை அரித்துவிடும்.

மரக்காணம், இரும்பை போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் டெர்மினல்களுக்குத் தனிக் கவனம் தேவை. அமில ஆவியால் அங்கே வெண்மையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூக்கும்; உப்பின் ஈரம் அரிப்பை விரைவாக்கும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, வாசலின் தடவ வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலில்.

பைக்குகளில் வரும் சீல் செய்த பேட்டரியும் ஈய அமிலமே. அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருப்பதால் சிந்தாது. நீரும் ஊற்ற வேண்டியதில்லை.

மின் ஸ்கூட்டருக்கு எடை குறைந்த லித்தியம் அயனி பேட்டரி வேண்டும். அதில் இரண்டு வகை முக்கியம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது குறைந்த எடையில் அதிக தூரம் தரும். இரும்பு பாஸ்பேட் வகை சற்றுக் கனம். ஆனால் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், சார்ஜ் சுற்றுகளும் அதிகம். நம் வெயிலுக்கு இதுவே ஏற்றது. 2022இல் சில மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, இந்தியாவில் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அடுத்து வருவது சோடியம் அயனி. உப்பிலிருந்து கிடைக்கும் சோடா சாம்பலே அதன் மூலப்பொருள்களில் ஒன்று என்பதால், லித்தியத்துக்கு அலைய வேண்டியதில்லை. எடைக்கேற்ற ஆற்றல் குறைவு என்பதுதான் குறை.

பழைய ஈய பேட்டரியை வீட்டில் உடைக்கக் கூடாது. அமிலம் சுடும், ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.