பூநகரியின் நன்னீர்

யாழ்ப்பாணத்தினின்றும் தெற்கே செல்லும் நாம் கேரதீவை அடைந்ததும், கடல்நீரேரியைக் கடக்கப் ‘பாதை’ வரும்வரை காத்துநின்ற பழைய நாட்களை நினையாதிருத்தல் அரிது. 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் சில நிமிடங்களிற் பூநகரி நிலத்தை அடைகின்றோம்.

ஆங்கு ஒருபுறம் பரவைக்கடல், மறுபுறம் வயல். இறாலும் நண்டும் பிடிப்போரும் நெல் விளைவிப்போரும் அயலவராய் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையின் இடிபாடுகளும் உள. ஆயினும் இவ்வூருக்குப் பெயர் தேடித்தந்தது மொட்டைக்கறுப்பன் என்னும் செந்நெல்லே. மாரிமழையை நம்பி விதைத்து, மழை ஓய்ந்தபின் அரிவு வெட்டுவர்.

கடலருகே நன்னீர் நிற்பது எங்ஙனம்? மணலூடே இறங்கும் மழைநீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாதலின், அதன்மேல் ஒரு படையாய் மிதந்து நிற்கும். மழை பொய்ப்பினும், அளவுக்கு மிஞ்சி இறைப்பினும் அப்படை மெலியும், உவர் மேலேறும். உவரேறிய கிணறு குடிநீருக்கு உதவாது. உவரேறிய வயலிற் பயிர் கருகும். ஆதலின் குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், கடல்நீர் வயலுட் புகாவண்ணம் அணைகளைப் பேணுதலும் இவ்வூருக்கு உயிர்நாடியாம்.

போரினால் ஊரைவிட்டகன்ற மக்கள் மீண்டுவந்து வரம்பு கட்டிய மண் இது. பாலத்தின்வழி விரைந்து செல்லும் அன்பர்கள் சற்றே இறங்கி, ஒரு கிணற்றுநீரை அருந்திப் பார்ப்பார்களாக. அந்நீரின் சுவையிலேயே பூநகரியின் நாளைய வாழ்வு தங்கியுள்ளது.